பெருக்காத தோட்டம்

துறைமுகத்தில் முதல் ஷிப்ட் முடிந்ததும் என் கணவர் இன்னாசி ராயபுரம் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, சைக்கிளை மிதித்துக் கொடுங்கையூர் கீரைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அறுப்பு முடிந்த பாத்தியில் ஒரு வேரை, ஒரு சருகை விட்டுவைக்க மாட்டார். எல்லாவற்றையும் பிடுங்கி மூலையில் குவித்துக் கொளுத்துவார். பிறகு ஆழக் கொத்திப் புரட்டி, கட்டியில்லாமல் தட்டி, வீட்டுக்கூடம் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் பீடி பற்றவைப்பார். கப்பலில் சரக்கு இறக்குகிறவர்களின் பழக்கம் அது. கடைசி மூட்டை மேலே போனதும் அடித்தளத்தைச் சுத்தமாகப் பெருக்கினால்தான் மேஸ்திரி ஆளை விடுவார். நிலத்தையும் அவர் அப்படியே பார்த்தார்.

தோட்டம் தண்டையார்பேட்டை ரசூல் பீவியுடையது. குத்தகைக்கு எடுத்த புதிதில் கறுப்பாக இருந்த மண், சில வருஷத்தில் சாம்பலாக வெளுத்தது. மழை பெய்தால் மேலே ஓடு கட்டியது. 1966 மழையில் விதைத்ததெல்லாம் கால்வாயோடு போனது. மறு வருஷம் ஒரு செங்கல் சூளைக்காரர் பீவியிடம் வந்து, மேல்மண்ணை வெட்டி எடுத்துக்கொள்ளக் கேட்டார்.

"நான் இன்னா பண்ணட்டும், இன்னாசி?" என்றார் பீவி. "கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கறேன். அப்பவும் கீரை வர்லன்னா அவனுக்கு வுட்ருவேன்."

மேல்மண் போனால் எங்களுக்குப் பள்ளம்தான் மிச்சம். அந்தப் புரட்டாசியிலேயே, துறைமுகத்தில் தூக்கும்போது நழுவிய ஒரு மூட்டை என் கணவர் தோளில் விழுந்தது. கையைக் கழுத்தோடு தூளி கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. இனி கீரை வந்தால்தான் அடுப்பு எரியும்.

பாத்தியில் காராமணி காய்த்து ஓய்ந்திருந்தது. மாசமாக இருந்த எனக்கு மண்வெட்டி பிடிக்க வலுவில்லை. கொடிகளை அரிவாளால் அறுத்து அங்கேயே பரப்பினேன். வேர்கள் மண்ணுக்குள் கிடந்தன. நடுநடுவே கொடியை ஒதுக்கி, களைக்கொத்தால் லேசாகக் கீறி அரைக்கீரை விதைத்தேன்.

அவர் வந்து பார்த்து முகம் சுளித்தார். "இன்னாமே பிலோமி, இவ்ளோ கலீஜா கீது? பாக்கறவன் என்னியத்தான் சிரிப்பான்."

"சிரிக்கறவன இட்டுகினு வாய்யா. கொத்திக் குடுத்துட்டுப் போவட்டும்."

ஐப்பசியில் விடாமல் அடைமழை. மழை நின்ற காலையில் இருவரும் போனோம். பக்கத்துத் தோட்டங்களில் சேறு வழிந்து வரப்பு உடைந்திருந்தது. எங்கள் பாத்தியில் தண்ணீர் சருகுக்கடியில் மெதுவாக இறங்கியிருந்தது. விதை நகரவில்லை. ஊசிமுனை போல முளைகள் வரிசை வரிசையாக நின்றன. அவர் குனிந்து ஒரு கொடியைத் தூக்கினார். கீழே மண்புழு நெளிந்தது.

கிறிஸ்மஸுக்கு முன்பே ரசூல் பீவி ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். கீரைக் கட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குப்பைக்கு நடுவுல இப்டி வந்துகீதே. சூளைக்காரன நான் பாத்துக்கறேன். நீ பெருக்காம இரு இன்னாசி, அது போதும்."

அந்த ஒரு மழையிலேயே மண் கறுத்துவிடவில்லை. பயறும் கீரையுமாக மாற்றி மாற்றி விதைத்து, வேரை விட்டுவைத்து, கொளுத்தாமல் இருந்து, வருஷங்கள் ஆயின. பின்னாளில் ஒரு வேளாண்மைப் புத்தகத்தில் காரணத்தைப் படித்தேன். பயிர் காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் என்ற கரிச்சத்து, வேரிலும் சருகிலும் மண்ணுக்கு வந்து சேர்கிறது. மண்ணை ஓயாமல் புரட்டினால் அது மறுபடி காற்றோடு போய்விடுகிறது. படித்துக் காட்ட அப்போது அவர் இல்லை.

ஆனால் அவருக்கு அது தெரியும். அன்று பீவியின் ஜட்கா போன பிறகு வரப்பில் உட்கார்ந்து, நல்ல கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கப்பல காலி பண்ணாதான்மே வேல முடியும். மண்ண காலி பண்ணா நம்ம கதையே முடிஞ்சிடும். அது குடுத்ததுல கொஞ்சத்த அதுக்கே வுட்டு வைக்கணும்."