தலைவர் வரும்வரை சீசர்

ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன தலைவர் ஆறு மணிக்கே வந்திருந்தால் சீசர் அன்று செத்திருக்க மாட்டார். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்ல நான் தயார்.

எண்பத்தாறாம் வருடம், உள்ளாட்சித் தேர்தல் நேரம். அனகாபுத்தூர் கடைத்தெருவில் எங்கள் கட்சிக் கூட்டம். நான் தாம்பரத்தில் ஒரு டுட்டோரியலில் சரித்திரம் எடுப்பவன். சாயங்காலமானால் மேடைப் பேச்சாளன். பெரிய பேச்சாளன் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவர் வரும்வரை ஜனம் எழுந்து போகாமல் பிடித்து வைக்கிற ஆள், அவ்வளவுதான். எந்தக் கூட்டத்துக்கும் அப்படி ஒருவன் வேண்டும்.

அன்றைக்கு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. எங்கள் வார்டு வேட்பாளரைத் தலைவர் மேடையிலேயே அறிவிக்கப்போகிறார், அது நான்தான் என்று நகரச் செயலாளர் சுப்பராயலு சொல்லியிருந்தார். அடையாறு பொங்கினால் எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். வடிகாலுக்கு மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டேன். ஒரு தடவையாவது மனு வாங்குகிற பக்கம் உட்கார வேண்டும் என்று எனக்கு வெறி. என் மனைவி அருள்மேரி கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“ரோமாபுரிக்கு ஒரு சீசர், நம் மாவட்டத்துக்கு ஒரு தலைவர்!” என்று ஆரம்பித்தேன். விசில் பறந்தது. சீசர் படையோடு ஆற்றைத் தாண்டியதையும், தலைவர் வெள்ளத்தில் படகேறி வந்ததையும் முடிச்சுப் போட்டேன். சீசரின் வெற்றி ஊர்வலத்தோடு முடித்து மைக்கைக் கொடுத்துவிடுவதாகத் திட்டம்.

ஊர்வலமும் முடிந்தது. கார் வரவில்லை.

சுப்பராயலு பின்னாலிருந்து சட்டையை இழுத்தார். “இன்னும் பல்லாவரத்தையே தாண்டலியாம். வுடாத, இழு.”

“என்னத்தண்ணா இழுக்கறது? கதை முடிஞ்சுபோச்சு.”

“இன்னா வாத்தியாரு நீ? எதுனா பேசுப்பா. நீ நிறுத்துனா ஜனம் எழுந்து பூடும். அப்பால பேஜாரு.”

அகஸ்டஸுக்குத் தாவினேன். செங்கல் நகரத்தைச் சலவைக்கல் நகரமாக்கிய மகராசன், நம் தலைவரும் அப்படித்தான் என்றேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. நீரோ நாக்கு நுனிவரை வந்துவிட்டான், நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன். முன்வரிசையில் தறிக்காரர் வீட்டுப் பொன்னியம்மாள் எழுந்து நின்றாள்.

“யோவ் வாத்தியாரே, அந்த சீசரு இன்னா ஆனாரு? பாதியில வுட்டுட்டு எங்க போற?”

“ஆமா, சீசரைச் சொல்லு!” என்று கூட்டமே பிடித்துக்கொண்டது.

வேறு வழி? சீசரை ஜவ்வாக இழுத்தேன். அவர் மனைவி கெட்ட கனவு கண்டாள். இன்றைக்குச் சபைக்குப் போகாதீர்கள் என்று அழுதாள். ஜோசியன் தடுத்தான். கூட்டாளி ஒருவன்தான், அட வாங்க போகலாம் என்று கையைப் பிடித்து அழைத்துப்போனான். அங்கே எல்லார் அங்கிக்குள்ளும் கத்தி. கடைத்தெரு மூச்சுவிடவில்லை. நான் தெருமுனையைப் பார்த்தேன், காரைக் காணோம். பாவி மனுஷன், எவ்வளவு நேரம்தான் சீசரை வாசலிலேயே நிறுத்திவைப்பது? சபைக்குள் அனுப்பினேன்.

அப்போது பார்த்துத் தலைவரின் கார் வந்து நின்றது, வரவேற்பு வேட்டு வெடித்தது. மாவட்டத் துணைச் செயலாளர் தட்சிணாமூர்த்தி, தலைவரின் கையைப் பிடித்து மேடைப் படியில் ஏற்றிக் கூட்டிவந்தார்.

“ஐயோ, உள்ள போவாத சாமி!” பொன்னியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். “கையப் புடிச்சிகினு வரான் பாரு, அவன நம்பாத! கத்தி வெச்சினுகீறான்!”

ஜனம் மொத்தமும் எழுந்து “நம்பாத, நம்பாத!” என்று கத்தியது. தட்சிணாமூர்த்தி பயந்துபோய் சட்டென்று கையை விட்டார். அதுதான் வம்பாகிவிட்டது. தலைவர் அவரைப் பார்த்தார், சுப்பராயலுவைப் பார்த்தார், பிறகு சிரித்த முகமாக என்னை மைக்கிலிருந்து கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டார்.

“நல்லா பேசுனீங்களாமே,” என்றார் காதோடு. “யாரு அந்தக் கத்திக்காரன்? பேரை மட்டும் சொல்லுங்க. வார்டு உங்களுக்குத்தான்.”

“அது ரோம்ல, தலைவரே. செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு.”

“அதெல்லாம் தெரியும். இங்க யாரு?”

மேடையில் இருந்த அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். தட்சிணாமூர்த்திக்கு வேர்த்துக் கொட்டியது. எந்தப் பேரைச் சொன்னாலும் அந்த மனுஷன் நம்பியிருப்பார். சொல்லித் தொலையேன்டா என்று மனசு கிடந்து குதித்தது. ஆனால் தட்சிணாமூர்த்தி மூஞ்சியைப் பார்த்தேன். கத்தி வைக்கிற மூஞ்சியா அது? காய் நறுக்கச் சொன்னாலே விரலை வெட்டிக்கொள்கிற ஆள்.

“யாரும் இல்ல, தலைவரே. சத்தியமா.”

“யாருமே இல்லையா?” அவர் சிரிப்பு நின்றது. “அப்ப அது நீதான்.”

எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். “இந்த வார்டைப் பொறுத்தவரையில்... அருமைத் தம்பி சத்தியநாதன்...” என்று சொல்லி, தன் வழக்கப்படி நிறுத்தினார். என் பேரைக் கேட்டதும் அருள்மேரி துள்ளியெழுந்து கைதட்டினாள். அவளைப் பார்த்து மொத்தக் கடைத்தெருவும் தட்டியது. தலைவர் அது அநேகமாக அடங்கும்வரை பொறுமையாக நின்றார்.

“...இந்த நிமிடம் முதல் கட்சியிலிருந்து நீக்கப்படுகிறார். அவரோடு யாரும் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.”

அருள்மேரிக்கு அது காதில் விழவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அவள் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.