கம்சாவின் கதைக்கு வந்த முடிவு

விமலேஸ்வரி இருபத்திரண்டு வருடங்களாகச் சிறுவர் புத்தகங்களின் பதிப்பாசிரியராக இருந்தாள். யாழ்ப்பாணத்தில் அவள் கொண்டுவந்த புத்தகங்களில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளுக்காக அவற்றைத் தேடித் திரிந்தார்கள். இடம்பெயர்ந்து முள்ளியவளைக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. போரால் கடதாசிக்குத் தடை. பிள்ளைகள் எழுதி அனுப்பிய கதைகளைக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சிட்டாள். ஒரேயொரு பிடிவாதம்: பிள்ளைகள் வாசிக்கும் கதை துக்கத்தில் முடியக்கூடாது. முடிந்தால் கடைசிப் பந்தியைத் தானே எழுதிவிடுவாள்.

அளம்பிலிலிருந்து கம்சா என்ற சிறுமி அனுப்பிய கதையில், கடலுக்குப் போன கிறிஸ்தோப்பர் என்ற மீனவர் திரும்பவேயில்லை. விமலேஸ்வரி அதை வெட்டிவிட்டு, ‘ஒருநாள் விடியற்காலை கிறிஸ்தோப்பர் கரையேறினார்’ என்று போட்டாள்.

புத்தகம் வந்து இரண்டாம் மாதம் கம்சாவின் கடிதம் வந்தது. ‘ரீச்சர், அது கதை இல்லை, என்னுடைய அப்பா. புத்தகத்தைப் பார்த்த அம்மா, செத்துப்போன அப்பாவுக்காகக் கொடுத்துவந்த ஆத்துமப் பூசையை நிற்பாட்டிவிட்டா. இங்கே ஷெல் விழுகிறது. சனிக்கிழமை மாமா எங்களை ஷெல் விழாத ஜெயபுரத்துக்கு ஏற்றிப்போக வருகிறார். அப்பா வந்து தேடுவாரென்று அம்மா வரமாட்டாவாம்.’

சனிக்கிழமை விமலேஸ்வரி சைக்கிளில் அளம்பிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் இழுவைப் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் நின்றது. கம்சாவின் தாய் யூலிற்றா, கணவனின் வலையை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, அந்த முடிவு நான் எழுதினது. எனக்கு ஒண்டும் தெரியாது.”

“விடியற்காலை எண்டு நேரம்கூடப் போட்டிருக்கிறியள். ஆரும் கண்டு சொல்லாமலோ?”

உழவு இயந்திரத்தில் இருந்தபடி யூலிற்றாவின் தம்பி வின்சன் சொன்னான்: “அக்கா, அதே புத்தகத்தில முயல் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகுது. அதையும் ஆரும் கண்டவையோ?”

“முயலுக்குப் பேர் இல்லை. இதில கிறிஸ்தோப்பர் எண்டு இருக்கு.”

வின்சன் இறங்கி வந்து கம்சாவின் கையைப் பிடித்தான். “நீ இரு. பிள்ளையையாவது நான் ஏத்துறன்” என்றான்.

யூலிற்றா வலையை விட்டு நிமிர்ந்தாள். “அவர் வரேல்லையெண்டால் அதையும் அச்சில போடுங்கோ ரீச்சர். அடுத்த புத்தகத்தில பாத்தால் நான் வாறன், பிள்ளையும் வருவாள்.”

அடுத்த புத்தகம் இல்லை. கடைசித் தாளும் முடிந்து, அச்சகக்காரர் ஈய எழுத்துகளைச் சாக்கில் கட்டிவிட்டிருந்தார். அதைச் சொல்லத்தான் விமலேஸ்வரி வாயைத் திறந்தாள்.

“ஓம், போடுறன்” என்றாள்.

“எப்ப?” என்று வின்சன் கேட்டான்.

“வாற மாசம்.”

அவன் தமக்கையையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தான். “ஒரு மாசமெண்டால் சரி. பிள்ளை தாயோட நிக்கட்டும்.” வெறும் இழுவைப் பெட்டியோடு உழவு இயந்திரம் புறப்பட்டது.

கம்சா சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்தபடி தெருவரை வந்தாள்.

“உண்மையா வருமோ ரீச்சர்?”

உழவு இயந்திரம் இன்னும் தேவாலயத்தடித் திருப்பத்தைத் தாண்டவில்லை. கைதட்டிக் கூப்பிட்டால் நிற்கும்.

“வரும் பிள்ளை” என்றாள் விமலேஸ்வரி.