ஞாயிற்றுக்கிழமை அப்பாக்கள்

வெல்டருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். குடித்தால் கையும் நீளும். அப்படி நீண்ட ஒரு நாளில் மனைவியின் உதடு கிழிந்தது. ஐந்து வயது மகள் பீரோ இடுக்கில் ஒண்டிக்கொண்டு அதைப் பார்த்தாள். மறுநாள் காலை மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோர்ட் அவனுக்கு ஒரே ஒரு வழியை விட்டுவைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமூகக் கூடத்தில் அப்பாக்கள் குழு கூடும். அதற்கு ஒழுங்காக வந்தால், அங்கேயே வைத்து மகளைப் பார்க்கலாம். குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். குடித்துவிட்டு வருகிறவனை வாசலிலேயே மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். வெல்டர் குடியை விட்டதற்குப் பாதிக் காரணம் நர்ஸம்மாவின் அந்த மூக்குதான்.

மகள் வந்தாள். ஆனால் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் ஓர் அடி எடுத்து வைத்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தான் பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு நடுங்குவதைப் பார்த்து, எடுத்து வைத்த அடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

குழுவில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். மனைவியோடு விவாகரத்தானவர், மூன்று வயது மகனுக்கு அப்பா. அவர்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"போலீஸ்காரன் மாதிரி நின்னுக்கிட்டு முறைச்சா பிள்ள எப்படி தம்பி கிட்ட வரும்? தரையில உக்காரு. அவளப் பாக்காத. உன் பாட்டுக்கு ஏதாவது செய்."

வெல்டர் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கினான். வாரக்கணக்கில் அடுக்கினான். ஒரு நாள் மகள் பின்னால் வந்து அதைத் தட்டிவிட்டு, அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மறுபடியும் அடுக்கினான். மறுபடியும் தட்டினாள். இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு மெல்ல மெல்ல அவன் மடிக்கு வந்தாள்.

டிரைவர் அவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன் போல ஆகிவிட்டார். ஒரு ஞாயிறு, கை கழுவும் இடத்தில் அவர் தணிந்த குரலில் பேசினார்.

"அவ வேற கல்யாணம் பண்ணிக்கிட்டுக் கடல் தாண்டிப் போறா தம்பி. பையனையும் கூட்டிட்டு."

"கோர்ட்டுல சொல்லுங்கண்ணே."

"சொல்லியாச்சு. சரின்னுட்டாங்க." குழாயை மூடாமலே நின்றார். "அவ போறதுக்குள்ள நான் அவனத் தூக்கிட்டுப் போயிடுவேன். மலைப்பக்கம் ஒரு மரக்கிடங்குல என் பழைய கிளீனர் இருக்கான்."

"அண்ணே, வேணாம்."

"உன் காதுல எதுவும் விழல. சரியா?"

வெல்டர் தலையாட்டினான். ஏதோ வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு டிரைவர் மகனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரவில்லை. பின்பக்கக் கேட் திறந்து கிடந்தது.

போலீஸ் ஒவ்வோர் அப்பாவாகக் கேட்டது. எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். வெல்டரும் தெரியாது என்றான். மகள் அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது, செய்தி கேட்டு ஓடி வந்த அந்தப் பையனின் அம்மா தரையில் உட்கார்ந்து, கைப்பையைக் கவிழ்த்து, ஒரு மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினாள்.

"அவனுக்கு மூச்சிரைப்பு இருக்கு. மருந்து இங்க இருக்கு. தூசி பட்டாலே திணறிடுவான். நாங்க பிரிஞ்ச பிறகு வந்தது, அவருக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்ல."

மரக்கிடங்கு முழுக்க மரத்தூள் பறக்குமே என்று வெல்டருக்கு உறைத்தது. மகளை இறக்கிவிட்டு எழுந்தான். தெரிந்ததையெல்லாம் சொன்னான்.

போலீஸ் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் கிடங்கில் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டபடி மலைச்சாலையில் ஓடி வந்துகொண்டிருந்தார். போலீஸ் வண்டியைக் கண்டதும் அவரே குறுக்கே விழுந்து மறித்தார். பையனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்தான். டிரைவர் ஜெயிலுக்குப் போனார்.

கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. எல்லா அப்பாக்களுடைய ஞாயிறும் அதோடு போயிற்று. வெல்டரின் மனைவி கோர்ட்டில் நிதானமாகவே சொன்னாள்.

"தெரிஞ்சும் ஒரு வாரம் வாய மூடிட்டு இருந்திருக்காரு. அப்படிப்பட்டவர்கிட்ட என் பொண்ண எப்படி அனுப்புறது?"

கோர்ட்டும் அவள் சொன்னதையே ஏற்றுக்கொண்டது.

வெல்டர் டிரைவரைப் பார்க்க ஜெயிலுக்குப் போனான். டிரைவர் அவனைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நர்ஸம்மா மட்டும் விடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினார். வெல்டரின் மனைவியிடம் கெஞ்சிக் கூத்தாடி, போனில் பேச மட்டும் சம்மதம் வாங்கினார். பட்டறைக்கு வெளியே நின்று அவன் மகளோடு பேசினான். பள்ளிக்கூடம், பல் விழுந்தது என்று எதையெதையோ சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று கேட்டாள்.

"அப்பா, நீயும் என்னத் தூக்கிட்டுப் போயிடுவியா?"

"மாட்டேம்மா. அப்பா அப்படியெல்லாம் செய்ய மாட்டேன்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பயம் தீர்ந்து விட்ட மூச்சா, ஏமாந்துபோய் விட்ட மூச்சா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. அதற்குள் மச்சான் போனை வாங்கிவிட்டான்.

"போதும். அவ தூங்கணும்."

பட்டறைக்குள் பாதியில் விட்ட இரும்புச் சட்டம் கிடந்தது. வெல்டர் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தான். முகமூடிக்குள் இருப்பவன் அழுவது பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.