மூன்றாம் மாடியில் யாரும் இல்லை

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சுவரைச் சும்மா விடத் தெரியாது. வெள்ளையடித்த ஈரம் காய்வதற்குள் டியூஷன், வாடகைக்கு வீடு, நாயைக் காணோம் என்று எதையாவது கொண்டுவந்து அப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் மோட்டார்காரர் தினமும் பல் விளக்கிய கையோடு கீழ்வாசலுக்கு வந்து, ஒட்டியிருப்பதையெல்லாம் உரித்து எடுத்துவிடுவார். படிப்பதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. காகிதத்தை மட்டும் வீணாக்க மாட்டார். மடித்துக் கொண்டுபோய், பின்புறத்துப் பம்ப் ரூமில் ஆடுகிற மோட்டாருக்கு அடியில் முட்டுக் கொடுப்பார்.

அந்த மாடிக் கட்டடத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றுவது அவர் வேலை. காலையில் ஏழரைக்கு, மாலையில் ஆறுக்கு.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பெண் தடிமனான பட்டியலோடு வந்தாள். வாக்காளர்கள் சொன்ன விலாசத்தில் இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்கிற வேலை.

"பெரியவரே, மூணாவது மாடியில இருக்குற ஒத்த வீட்டுல மூணு தடவை வந்து தட்டியும் கதவத் தெறக்கல. யாராச்சும் இருக்காங்களா?"

"அங்க ஏதும்மா ஆளு? நாலு மாசமா ஒரு ஈ காக்கா ஏறி இறங்கி நான் பாக்கல."

"பட்டியல்ல ஒரு பொம்பள பேரு இருக்கே."

"கள்ள ஓட்டுக்கு வச்ச பேரா இருக்கும். அடிச்சு விடு."

"நானா அடிக்க முடியாதுங்க. ஒருத்தர் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கணும்."

"கொண்டா."

கையெழுத்துப் போட்டபோது அவருக்கு ஒரு பழைய கடன் தீர்ந்த மாதிரி இருந்தது. முன்பொரு தேர்தலில் அவர் ஓட்டை எவனோ விடியற்காலையிலேயே குத்திவிட்டுப் போயிருந்தான். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "உங்க ஓட்டு போட்டாச்சு, கிளம்புங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த மானக்கேடு இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

தேர்தலன்று சலவைச் சட்டையோடு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணெல்லாம் சிவந்து, கையில் சலவை சோடா வாசனை. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார்.

"உங்க பேரை நீக்கிட்டாங்கம்மா. அந்த விலாசத்துல நீங்க இல்லைன்னு ஆட்சேபம் வந்திருக்கு."

"இல்லாம எங்க போனேன்? மூணாவது மாடியிலதான் இருக்கேன்."

"விளக்கம் கேட்டு ஒருநாள் ராத்திரி ஏழு மணிக்கு உங்க கீழ்வாசல்ல நோட்டீஸ் ஒட்டி ஏழு நாள் டைம் கொடுத்திருக்கோம். ஃபோட்டோகூட இருக்கு."

"தினமும் அந்த வாசல்லதான் சார் போறேன், வரேன். சுவரு தொடைச்சு விட்ட மாதிரில்ல இருக்கும்!"

அதிகாரி அவளைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மேலிடத்துக்குப் போன் போட்டார். மோட்டார்காரர் முறை வந்தது. அவர் வரிசையை விட்டு விலகி வெளியே நடந்தார்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். "என்னப்பா, அதுக்குள்ள போட்டாச்சா?"

"மூணாவது மாடியில யாரு இருக்கா?"

"ஆஸ்பத்திரியில துணி வெளுக்குற அக்கா. ராத்திரி டூட்டி. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனா, காலையில ஏழே முக்காலுக்கு வருவாங்க. ரெண்டு நேரமும் நீங்க பம்ப் ரூம்ல இருப்பீங்க."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்க யாரையப்பா வாயத் திறக்க விட்டிருக்கீங்க?"

அவர் பம்ப் ரூமுக்குள் போனார். மோட்டாரை ஒரு கையால் சாய்த்து, அடியில் இருந்த காகிதக் கட்டை உருவினார். டியூஷன், நாய், வாடகை. நடுவில் எண்ணெய் குடித்துப் பழுப்பேறிய ஒன்று. முத்திரை இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாம் மாடி என்று வந்த இடத்திலேயே விரல் நின்றுவிட்டது. இதை அடுப்பில் போட்டால் கேட்க ஆளில்லை என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கே தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

வாக்குச்சாவடிக்குத் திரும்பியபோது அவள் இன்னும் பெஞ்சில்தான் இருந்தாள். காகிதத்தை மேஜைமேல் விரித்தார்.

"ஆட்சேபம் எழுதினதும் நான்தான், நோட்டீஸைப் பிச்சதும் நான்தான். இந்தம்மா அங்கதான் இருக்கு. பேரை எழுதுங்க."

"இன்னிக்கு முடியாதுங்க. இப்பதான் மேலிடத்துலயும் கேட்டேன். புதுசா மனு போட்டு, அடுத்த தேர்தலுக்குத்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தினமும் தண்ணி ஏத்துறது நீங்கதானேய்யா?"

"ஆமா."

"என் வீட்டுக்கும் சேத்துத்தானே ஏத்துனீங்க? குடிக்கிறது யாருன்னு நெனச்சீங்க, பேயா?"

வரிசையில் ஒருவன் சிரித்தான். மோட்டார்காரர் தலையைத் தூக்கவில்லை.

"சார், அப்ப ஒண்ணு பண்ணுங்க. என் ஓட்டை இந்தம்மா போடட்டும்."

"அதுக்குப் பேருதாங்க கள்ள ஓட்டு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வரேன். தூங்கணும். சாயங்காலம் டூட்டி இருக்கு." அவரைத் திட்டவில்லை; திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதிகாரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க பெரியவரே. ஆட்சேபம் வந்துச்சு, நோட்டீஸ் ஒட்டுனோம், ஏழு நாள் பாத்தோம். எல்லாம் விதிப்படிதான். யார் மேலயும் தப்பு இல்ல. வாங்க, உங்க ஓட்டைப் போடுங்க."

"எல்லாம் சரியா நடந்திருந்தா அந்தப் பொம்பள ஏன் சார் வெறுங்கையோட போவுது?"

"விதின்னா அப்படித்தாங்க."

"தப்பு இல்லியாம்!" என்று முனகினார் மோட்டார்காரர். எண்ணெய்க் காகிதத்தை மடித்துச் சலவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். பின்னால் அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. யார் மேலும் தப்பில்லை என்பதை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை.