மரியாதைப் பிடி

காலை எட்டு மணிக்கே தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் பிள்ளைகளின் அழுகை தொடங்கிவிட்டது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் எங்கள் பாத்துநோனி ஊரில் பிள்ளைகளுக்கு எடை நாள். உத்தரத்தில் தூக்குக்கோல் தொங்கும். அதன் ஒரு முனையில் துணித் தொட்டில், மறு பக்கம் நகர்த்துகிற இரும்புக் குண்டு. பிள்ளையைத் தொட்டிலில் இறக்கி, கோல் மட்டத்துக்கு வரும்வரை குண்டை நகர்த்தி, அது நிற்கிற கோட்டைப் பார்த்து எடையைக் கூவ வேண்டியது அடோல்பினாவின் வேலை. சம்பளம் கிடையாது. பதினொரு வருடமாகச் செய்கிறாள்.

"கிராசெலா! எட்டு கிலோ எழுநூறு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதை அட்டையில் எழுதிப் பச்சைப் பட்டையில் ஒரு புள்ளி வைத்தாள். கிராசெலாவுக்கு ஒன்றரை வயது. அவளைத் தொட்டிலிலிருந்து தூக்கிய யுஸ்தினா அட்டையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். போன மாதம் எட்டு ஐந்நூறு, அதற்கு முந்தின மாதம் எட்டு முந்நூறு. புள்ளிகள் மேலே மேலே ஏறிக்கொண்டே போயின. பிள்ளையின் மணிக்கட்டில் இறுக்கமாக இருந்த கருமணிக் கயிறு மட்டும் இப்போது முழங்கைவரை தாராளமாக ஏறி இறங்கியது.

"அக்கா, தூக்குனா லேசா இருக்கே?"

"உன் கை பலமாயிடுச்சுடி. ஊத்துலேர்ந்து தினம் நாலு கேன் தண்ணி மேடேத்துறே, பின்ன லேசாத்தான் இருக்கும்," என்றாள் அடோல்பினா. கொட்டகையே சிரித்தது. யுஸ்தினாவும் சிரித்தாள். வெளியே வந்ததும் நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குண்டு நின்ற கோடு ஏழு கிலோ இருநூறு. அது அடோல்பினாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் கல்யாணமோ சாவோ எதுவானாலும் உறவுக்காரர்கள் அரிசியும் சோளமும் கொண்டுவந்து இறக்குவார்கள். வாசலில் ஒருவர் நின்று நிறுத்து, கொடுத்தவர் பேரோடு சேர்த்துக் கூவ வேண்டும். கனத்த குரல் என்பதால் அந்த வேலை எப்போதும் அடோல்பினாவுக்குத்தான். எட்டு கிலோ வந்தால் ஒன்பது என்பாள். அதற்கு மரியாதைப் பிடி என்று பெயர். நிறுத்ததை நிறுத்தபடியே சொல்வது கொண்டுவந்தவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். எல்லோருக்கும் தெரியும், யாரும் திருத்த மாட்டார்கள், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

அந்தப் பழக்கத்தை அவள் அப்படியே பிள்ளைகளின் எடைக்கும் கொண்டுவந்துவிட்டாள். எடை குறைந்தால் அது அந்த வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்கிற சொல். சிவப்புப் பட்டையில் விழுந்த பிள்ளைகளின் பெயரை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டவும் செய்வார்கள். பெயர் ஒட்டிய பிள்ளைக்கு மூன்று மாதம் தினம் ஒரு முட்டையும் பால்மாவும் உண்டு. ஆனால் சுவரில் பேர் வந்த அவமானத்தை எந்த முட்டை போக்கும்? அடோல்பினா அப்படித்தான் நினைத்தாள். அதனால் எந்தப் பிள்ளையும் போன மாதத்தைவிடக் குறையாமல், எல்லோருக்கும் அட்டையில் இருந்த எடைக்கு மேல் ஒரு பிடி கூட்டிப் படித்தாள். மாதத்துக்கு ஒரு பிடி என்றால், ஏழெட்டு மாதத்தில் அது எவ்வளவாகும் என்று அவள் யோசிக்கவில்லை. நாங்களும்தான் யோசிக்கவில்லை.

இந்த வருடம் ஊராட்சித் தலைவர் மெல்கியானுஸ் வேறு அவள் காதில் போட்டுவைத்திருந்தார். எடை குறைந்த பிள்ளையே இல்லாத ஊருக்கு மாவட்டத்தில் பரிசு. ஊற்றிலிருந்து மேடுவரை குழாயும் தொட்டியும் போட்டுத் தருவார்கள். "ஒரே ஒரு சிவப்புப் புள்ளி போதும் அடோல்பினா, தண்ணி பக்கத்து ஊருக்குப் போயிடும்," என்றார். திமோர் மலையில் ஐப்பசிவரை மழையைக் காணாமல் கிடப்பவர்களுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தலைவரும் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று கைகாட்ட ஓர் ஆள்கூட அகப்படாததுதான் பெரிய குழப்பம்.

யுஸ்தினாவின் குழப்பம் அதைவிடப் பெரியது. இடித்த சோளக் கஞ்சியில் முருங்கைக் கீரை போட்டு ஊட்டினால் பிள்ளை இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை இப்போது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. வீட்டில் இரண்டு கோழி முட்டையிட்டன. அந்த முட்டைகளை அவள், பரிசுக்காக ஊரைப் பார்க்க வரப்போகும் மாவட்டக் குழுவின் விருந்துக்குக் கொடுத்திருந்தாள், வீட்டுக்குப் பத்து என்று தலைவர் கேட்டதால். பிள்ளைதான் பச்சையில் இருக்கிறதே என்று கொடுத்துவிட்டாள். கலிமந்தானில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் கணவனுக்கு அட்டையைப் படம் பிடித்து அனுப்பினால், "நல்லா வளக்குறே, ஏறிட்டே போகுதே," என்று சந்தோஷமாகக் குரல் பதிவு அனுப்பினான்.

அவன் நம்புகிறான், அக்கா சொல்கிறாள், அட்டையில் எழுதியிருக்கிறது. தன் கைக்கும் கண்ணுக்கும்தான் ஏதோ கோளாறு என்று அவள் முடிவு கட்டினாள். அந்த முடிவு இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

திங்கள் சந்தைக்குப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போனாள். பன்றி வாங்கும் ஒபெத் புளியமரத்தடியில் தன் தூக்குக்கோலோடு நின்றிருந்தான்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் நிறுத்துச் சொல்றீங்களா?"

ஒபெத் பிள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதை வாங்குறதில்லம்மா நான்."

"விளையாடாதீங்கண்ணே. எடை மட்டும் சொல்லுங்க."

சாக்கை உதறி, சுத்தமான பக்கத்தை உள்ளே வைத்துப் பிள்ளையை உட்கார வைத்துத் தூக்கினான். "அஞ்சே முக்கால்."

"அஞ்சே முக்காலா?"

"கோல் சொல்லுது, நானா சொல்றேன்?"

ஒபெத் கோல் சொல்வது என்னவென்று இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். குறைத்துக் காட்டுவதற்காகவே அந்தக் குண்டுக்குள் ஏதோ செய்திருக்கிறான். வீட்டில் முப்பது கிலோ இருந்த பன்றி அவனிடம் வந்ததும் இருபத்தைந்தாகிவிடும். வழி நெடுக யுஸ்தினா கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். அவன் பன்றியில் எடுக்கிற பங்கைப் பிள்ளையிலும் எடுத்திருப்பானா? அல்லது பிள்ளை என்பதால் உள்ளபடி சொன்னானா? அக்காவின் கோல் எட்டு எழுநூறு என்கிறது, இவன் கோல் அஞ்சே முக்கால் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ என் பிள்ளை இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றவளுக்கே தன் பிள்ளை எவ்வளவு என்று தெரியவில்லை என்றால் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த எடை நாளில் மாவட்டக் குழு வந்தது. வேலிக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தோம். வந்தவர்களுக்கு முதலில், எங்கள் பக்கம் இலைக்குப் பதிலாக மெல்லும் வெற்றிலைக் காயும் பாக்கும் நீட்டினோம். அது முடியாமல் எங்கள் ஊரில் பேச்சே ஆரம்பிக்காது. குழுவின் தலைவி ரோத்தே தீவுக்காரி, டாக்டர் வெல்மின்சே. ஒரு வாய் மென்றுவிட்டு, அட்டைகளைப் புரட்டினார். முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொன்றும் பச்சை.

"ரொம்ப நல்லாருக்கு. ஒரு அஞ்சு பிள்ளைங்களை எங்க முன்னாடி நிறுத்துக் காட்டுங்க, போதும்," என்றார்.

கொழுகொழுவென்று இருந்த ஐந்து பேரைத் தலைவர் முன்பே தயாராக நிறுத்தியிருந்தார். நான்கு பேரை நிறுத்து முடிந்தது. ஐந்தாவது பிள்ளையை இறக்குவதற்குள் யுஸ்தினா வரிசையை விலக்கிக்கொண்டு வந்து கிராசெலாவைத் தொட்டிலில் வைத்துவிட்டாள்.

"உன்னை வீட்டுல இருன்னு சொன்னேன்ல?" என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

யுஸ்தினா அவர் பக்கம் திரும்பவில்லை. "டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமே வெளங்கல. இங்க எட்டு எழுநூறுங்கிறாங்க. சந்தையில அஞ்சே முக்காலுங்கிறான். ரெண்டுல எது என் பிள்ளை?"

"சந்தையிலயா?" அடோல்பினாவின் கை குண்டின் மேல் அப்படியே நின்றது. "யாருகிட்டடி நிறுத்தே?"

"ஒபெத்துகிட்டக்கா."

"பன்னி நிறுக்கிறவன்கிட்டயா பிள்ளையைக் கொண்டுபோனே?"

"உங்க கோலை நம்ப முடியலியேக்கா. நான் வேற எங்க போவேன்?"

அடோல்பினா குண்டை நகர்த்தினாள். கோல் மட்டத்துக்கு வந்தது. டாக்டரின் மேசை பத்தடி தள்ளி இருந்தது. கோட்டைப் பார்க்கக்கூடியவள் இவள் ஒருத்திதான். ஏழு கிலோ நூறு. போன மாதம் நின்ற இடத்திலிருந்தும் கீழே. எட்டு கிலோ எண்ணூறு என்ற சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொன்னால் குழாய் வரும், தலைவர் சிரிப்பார், யுஸ்தினாவின் வீட்டுக்கும் ஒரு குறையும் வராது.

ஆனால் அவள் மனசுக்குள் வேறொரு கணக்கு ஓடிவிட்டது. ஒபெத் சொன்னது உண்மையிலிருந்து ஒன்றேகால் கிலோ சொச்சம் தள்ளி. இவள் சொன்னது ஒன்றரைக்கும் மேலே.

"ஏழு கிலோ நூறு," என்றாள். கல்யாண வாசலில் கூவுகிற குரல் இல்லை அது.

டாக்டர் எழுந்து வந்தார். பிள்ளையின் மேல்கையில் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தார். நாடா சிவப்பில் நின்றது. "அட்டையில எட்டு எழுநூறுன்னு இருக்கே?"

"நான் எழுத வச்சதும்மா. இவளுக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்கும்." அடோல்பினா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பன்னி யாவாரி திருடன்னு ஊரே சொல்லும், நானும் சொல்லுவேன். அந்தத் திருடன் சொன்ன பொய் என் பொய்யைவிடச் சின்னதா இருக்கும்மா."

கிராசெலாவை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் இரண்டு மூன்று வாரம் போயிருந்தால் பேசிப் பயனில்லை என்று யுஸ்தினாவிடம் சொல்லாமல், கூட வந்த நர்ஸிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். யுஸ்தினா அழவில்லை. "அப்ப என் கை சரியாத்தான் சொல்லியிருக்கு," என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். குழு கொட்டகையிலேயே இருந்துகொண்டு, தாங்கள் வந்த வண்டியில் அவளையும் பிள்ளையையும் ஏற்றி அனுப்பியது.

அடோல்பினா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் வரிசையில நில்லுங்க. முப்பது பேரையும் மறுபடி நிறுக்கணும்."

இரண்டு பெண்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தார்கள். ஒருத்தி, "எனக்கு மட்டும் காதோட சொல்லிடுக்கா," என்று கெஞ்சினாள். அரை மணிக்குள் ஆறு பிள்ளைகள் மஞ்சளுக்கும் மூன்று பிள்ளைகள் சிவப்புக்கும் இறங்கிவிட்டன. ஒவ்வொரு எடையைக் கேட்கும்போதும் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது தலைவரின் மனைவி யாகோமினா, தங்கள் கடைசிப் பிள்ளையைக் கொண்டுவந்து தொட்டிலில் வைத்தாள். கணவனின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. தொட்டில் பக்கம் லேசாக மேலே எகிறியது. குண்டைப் பின்னால், இன்னும் பின்னால் என்று அடோல்பினா இழுத்துக்கொண்டே போனாள்.

தலைவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "வெளி ஆளுங்க இருக்காங்க அடோல்பினா. என் வீட்டுப் பிள்ளை. இதுக்கு மட்டும் வழக்கம்போல ஒரு பிடி..."

"தலைவரே," என்றாள் அடோல்பினா. இப்போது அவளுடைய பழைய குரல் வந்துவிட்டது. கொட்டகைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "சாவு வீட்டுல கூட்டிப் படிச்சா கொடுத்தவன் மனசு நிறையும். இங்க கூட்டிப் படிச்சா பிள்ளை வயிறு காலியாகும். ஊர் பேரைக் காப்பாத்த நாம எழுதுற ஒவ்வொரு பொய்யும் ஒரு பிள்ளை வாயில போற முட்டையைப் பிடுங்கிட்டுத்தான் அட்டையில ஏறுது. இத்தனை நாள் பிடுங்கினது நான். இனிமே முடியாது. சொல்லுங்க, உங்க மகனுக்கு என்ன வேணும்? மரியாதையா, முட்டையா?"

மெல்கியானுஸ் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளை அழக்கூட இல்லை, கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தது.

"உள்ளதைப் படி," என்றார். "சத்தமாவே படி."