யார் வேண்டுமானாலும் திருத்தலாம்

எங்கள் புவியியல் துறையில் ஒரு மேடம் இருக்கிறார். எல்லோரும் 'மேப்பக்கா' என்றுதான் கூப்பிடுவோம். மழைத்தண்ணீர் எங்கே ஓடி எங்கே தேங்குகிறது என்று முதலாண்டு மாணவர்கள் தெருவில் நடந்து பார்த்து வரைபடம் போடும் பாடம் ஒன்றை மூன்று வருடம் பாடுபட்டு எழுதினார். எழுதிப் பூட்டி வைக்கவில்லை. இணையத்தில் போட்டு, வேறு நான்கு கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் திருத்தும் உரிமை கொடுத்தார். நகல் எடுத்து அவரவர் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நல்ல கேள்வி தோன்றினால் மூலத்திலும் சேர்க்கலாம்.

அதே துறையில் பாடம் எடுக்கும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றினேன். கல்லூரி வாசலில் இறங்கி இடது பக்கம், பாலத்தடியில் ஓடை, அதைத் தாண்டி மேடு என்று எழுதித் தள்ளினேன். நகல் எடுக்க மறந்து மூலத்திலேயே கை வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கடலோரக் கல்லூரி ஆசிரியை மேப்பக்காவுக்கு போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், அறுபது பிள்ளைங்க ஒரு மணி நேரமா பாலத்தைத் தேடுறாங்க. எங்க ஊர்ல பாலமே இல்ல. மேடுன்னு சொல்லணும்னா வாசல்ல இருக்கற வேகத்தடைதான்."

துறைத்தலைவர் பக்கத்தில்தான் நின்றார். "அதான் அப்பவே சொன்னேன். ஆளாளுக்குக் கை வெச்சா இப்படித்தான். இன்னைக்கே பூட்டிடுங்க. நீங்க மட்டும் எழுதுங்க, மத்தவங்க படிக்கட்டும்."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. பூட்டினால் அவர் பாடுபட்டதற்கே அர்த்தமில்லை.

"சார், நான்தான் மாத்தினேன்" என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திரையைத் திறந்து நான் எழுதியதைப் படித்தார். "மேட்டுல ஏறி நின்னா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுங்கற கேள்வி நல்லாத்தானே இருக்கு. உங்க நகல்ல போட்டுக்கங்க. பழையதைக் கொண்டுவர ரெண்டு நிமிஷம் போதும்."

பிறகு போனில் கேட்டார். "பிள்ளைங்க இப்ப என்ன பண்றாங்க?"

"பாலம் இல்லாம இங்க தண்ணி எப்படித் தெருவைத் தாண்டுதுன்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க மேடம். ரெண்டு பேரு அடைச்ச குழாய் ஒண்ணக் கண்டுபிடிச்சுப் படம் போடுறாங்க."

"அப்ப அதையே கேள்வியா எழுதுங்க. இப்பவே, மூலத்துலயே."

"நான் கை வெக்கலாமா?"

"உங்களைப் பாலம் தேட விட்ட சார் கை வெச்சதவிட மோசமாவா ஆயிடப்போகுது?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கண்ணெதிரே திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 'உங்கள் ஊரில் பாலம் இல்லையா? அப்படியானால் தண்ணீர் தெருவை எப்படிக் கடக்கிறது?'

துறைத்தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து படித்தார். "கோடையில ஒரு தடவை, மழையில ஒரு தடவை போய்ப் பாக்கச் சொல்லணும். இல்லன்னா பாதிதான் புரியும்."

"நீங்களே சேத்துடுங்க சார்" என்று அக்கா எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

அவர் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.