ஒன்பதாம் தேதிக்குப் பிறகு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பெருமை உண்டு. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் மக்கர் பண்ணினாலும், மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கோளாறு இருக்கும் இடத்தைப் பிடித்துவிடுவார். முப்பது வருடத்தில் "தெரியலை" என்று சொல்லிவிட்டு அவர் வீடு திரும்பியதில்லை. வீட்டு நடையில் இருக்கும் அலமாரியில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்ததும் அவர்தான். உள்ளே இரண்டு டிஸ்க். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் சேர்வதையெல்லாம் மணிக்கு ஒருமுறை தானாகவே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் பெட்டி. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். முகம் தெரியாத டாக்டர்களுக்கெல்லாம் அவள் குரல் தெரியும். அந்தக் குரலில்தான் கரகரப்பு வந்தது. சளி என்று நினைத்தார்கள். சளி இல்லை. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எத்தனை நாள் இருக்கு டாக்டர், பேச?"

பதினெட்டு நாள் இருந்தது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு வழி சொன்னாள். குறைந்தது இரண்டு மணி நேரத்துக்குப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பின்னால் தட்டச்சு செய்வதை எல்லாம் ஒரு கருவி அவள் குரலிலேயே பேசும். அதற்கென்று எல்லா ஒலிகளும் வரும்படி கோத்த வாக்கியங்களின் பட்டியலும் கொடுத்தாள். ஏழாம் தேதி காலை மனைவி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபதாம் தேதி வரை தினமும் பதிவு நடந்தது. பட்டியல் முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. வெளியூரில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த மகளுக்கும், பிறக்கப்போகும் பிள்ளைக்கும் தனியாக என்னென்னவோ பேசி வைத்தாள். என்ன என்று அவர் கேட்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

இருபத்து மூன்றாம் தேதி அறுவை சிகிச்சை முடிந்தது. காயம் ஆறியதும் பதிவுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள் பயிற்சிப் பெண். அதற்கு முந்தைய வாரம் லேப்டாப் திறக்க மறுத்தது. உள்ளே கரக் கரக்கென்று சத்தம். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டிஸ்க் முழுக்கக் கீறல் சார். ஒண்ணும் எடுக்க முடியாது. பேக்கப் இருக்கா?"

"இருக்கு," என்றார் மெக்கானிக், கொஞ்சம் மிடுக்காகவே.

வீட்டுக்கு வந்து தன் கம்ப்யூட்டரில் பெட்டியைத் திறந்தார். மனைவியின் லேப்டாப்புக்கான கோப்புறையில் கடைசிப் பிரதி ஒன்பதாம் தேதி மாலை நாலு மணிக்கு எடுத்தது. அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. தப்பான இடத்தில் தேடுகிறோம் என்றுதான் முதலில் நினைத்தார். ஒயரைப் பார்த்தார், சரியாக இருந்தது. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. அவருடைய கம்ப்யூட்டர் அன்று காலை வரை ஒழுங்காகப் பிரதி எடுத்திருந்தது. அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை, லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவில்தான். பெட்டி தன்பாட்டுக்கு எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்தார். ஒன்பதாம் தேதி மாலை ஐந்து மணி: பாஸ்வேர்ட் தவறு, அனுமதி இல்லை. ஆறு மணி: பாஸ்வேர்ட் தவறு. ஏழு மணி: பாஸ்வேர்ட் தவறு. பக்கம் பக்கமாக அதே வரி.

ஒன்பதாம் தேதி மாலை. மாடி வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து எல்லாம் பாழாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றியவர் அவர்தான். தன் கம்ப்யூட்டரில் புதியதைப் போட்டார். கதவுக்குப் பின்னால் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் லேப்டாப்பிலும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவர் மறந்தே போனார். லேப்டாப் அன்றிலிருந்து மணிக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டோடு வந்து கேட்டிருக்கிறது. பெட்டி ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கிறது.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பதினான்காம் தேதியோ பதினைந்தோ, அவர் ஆஸ்பத்திரிப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது மனைவி லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"ஏங்க, மூலையில மஞ்சளா ஏதோ வருதே, என்னது?"

"அது சும்மா எதையாவது காட்டிட்டே இருக்கும். மூடிடு."

பிரதி போகவில்லை என்று லேப்டாப் காட்டிய எச்சரிக்கை அது. மூடிவிட்டாள். வீட்டில் இந்த விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கட்டு, மடியில் எழுதும் பலகை. அவர் எதிரே தரையில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது அவள் கை ஒரு தலையணை உறையின் மேல் அப்படியே நின்றது. பிறகு பலகையை எடுத்து எழுதினாள்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டே," என்றார். "நான்தான் மூடச் சொன்னேன்."

எழுதியதைத் துடைத்தாள். மிச்சத் துணியை மடித்து முடித்தாள். அடுத்த இரண்டு நாள் பலகையைத் தொடவே இல்லை. சாப்பாடு போட்டாள், மருந்து சாப்பிட்டாள், அவர் பக்கம் திரும்பவில்லை. ஒரு பார்வையாவது பார்த்துத் திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. வேலைக்குப் போன இடத்தில், நின்றுபோன லிஃப்டின் கதவைப் பிடித்தபடி அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் பலகை அவர் முன்னால் வந்தது. "இருக்கறதப் போடுங்க."

இருந்தது இருபத்தாறு நிமிடம். எல்லாம் பட்டியல் வாக்கியங்கள். ஸ்பீக்கர் அருகே இருவரும் உட்கார்ந்தார்கள். "என் மாமாவுக்கு மூன்று ஊதாக் குடைகள் உண்டு," என்றது அவள் குரல், தெளிவாக, இணைப்புக் கொடுக்கும் அதே பணிவோடு. "ஞாயிறன்று எங்கள் வீட்டுக் கிணற்றில் ஒட்டகம் இல்லை." அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளும் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். நாலாவது வாக்கியத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"மகளுக்கு என்ன பேசி வச்சிருந்தே?" என்று மெல்லக் கேட்டார். "என்கிட்ட எழுதியாவது காட்டேன்."

பலகையை எடுத்தாள். "விடுங்க," என்று மட்டும் எழுதினாள்.

இருபத்தாறு நிமிடம் போதாது என்று பயிற்சிப் பெண் சொல்லிவிட்டாள். வேண்டுமென்றே சுற்றி வளைத்துச் சொன்னாள், ஆனாலும் போதாது என்பதுதான் பதில். கையடக்கக் கருவி ஒன்று வந்தது. தட்டச்சு செய்தால் பேசும். குரல் யாரோ ஒரு இளம்பெண்ணுடையது, செய்தி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமே இல்லாதது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கூப்பிட்டாள். அதுவரை தகவலெல்லாம் அப்பா வழியாகவே போய்க்கொண்டிருந்தது. அன்று மனைவியே போனை வாங்கி மேஜையில் வைத்தாள். ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

"கண்ணு, நான்தான் அம்மா பேசறேன்," என்றது அந்த அந்நியக் குரல்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மகள் சொன்னாள்.

"சொல்லும்மா. மெதுவா அடிம்மா, அவசரமில்ல. நான் லைன்லதான் இருக்கேன்."

மனைவி நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வார்த்தைக்கு எழுத்தைத் தேடத் தொடங்கினாள்.